குப்பண்ணனுக்கு ஒரு குறை தேவை

கொலைகாரன் யாரென்று முதல் கால் மணி நேரத்தில் சொல்லிவிடாவிட்டால் சென்னியப்பனுக்கு மதியச் சாப்பாடு செரிக்காது. ஈரோட்டில் முப்பது வருடமாக மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். கிழங்கை ஒடித்து மோந்து பார்த்தே எந்தப் பக்கத்து வயல், எத்தனை வெயில் காய்ந்தது என்று சொல்கிற மூக்கு. அந்த மூக்கைத்தான் தொலைக்காட்சித் தொடர்களுக்குள்ளும் நுழைப்பார்.

ஏலம் ஒரு மணிக்கு முடியும். இரண்டு மணிக்கு அவருடைய கிடங்கின் மாடியில், மூட்டைகளுக்கு நடுவே, ‘கோணவாய்க்கால் கொலைகள்’ மறு ஒளிபரப்பு. பார்க்கிறவர்கள் நாலே பேர்.

“அந்தக் கம்பவுண்டர்தான்,” என்றார் சென்னியப்பன். “வந்ததும் வராததுமா இன்ஸ்பெக்டருக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தான் பாருங்க. முதல் வாரத்துல எவன் தண்ணி குடுக்கறானோ, அவன்தான் கடைசி வாரத்துல கத்தி எடுப்பான்.”

“அட போங் மாப்ள,” என்றார் லாரி ஆபீஸ் ராக்கியண்ணன். “கம்பவுண்டர்னா ஊசி போட்டுக் கொல்லமாட்டானா? உலக்கையில எதுக்கு அடிக்கறான்? ஒத்த முடியை வெச்சு ஆளைப் புடிக்கற தொடர் அந்தச் சேனல்ல ஓடுது. போடுங்கன்னா கேக்க மாட்டீங்க.”

“உங்க தொடர்ல போலீஸ்காரங்களுக்கு முடி பொறுக்கறதைத் தவிர வேற சோலியே கெடையாது,” என்றார் ரஹ்மத்தக்கா. மிளகும் ஏலக்காயும் மொத்த வியாபாரம் செய்பவர். எதிரே உட்கார்ந்து விலை கேட்கப் பெரிய பெரிய ஆட்களே தயங்குவார்கள். “கோர்ட்டு வேணும். வக்கீல் மேசையைத் தட்டணும். ஜட்ஜு கண்ணாடியைக் கழட்டணும். அதில்லாம என்ன பெரிய கொலை?”

நாலாவது ஆள் குப்பண்ணன், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். “முடிஞ்சுதுங்களா? ரத்தமெல்லாம் போயிருச்சா?”

“ரத்தம் போயி சோப்பு விளம்பரம் வந்திருச்சு. கண்ணைத் தொறங்க.”

குப்பண்ணன் துண்டை இறக்கினார். “ஏனுங்க, கொல்லணுமா? கூப்புட்டு வெச்சு ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாமல்லோ?”

ஒவ்வொரு கொலைக்கும் இதையேதான் கேட்பார். தன் மஞ்சளில் வண்டு விழுந்திருந்தால் வாங்க வந்தவனிடம் தானே மூட்டையைக் கவிழ்த்துக் காட்டுகிற மனிதர். சந்தையில் அப்படி ஓர் ஆள் இருப்பது, கிணற்றில் ஒட்டகம் இருப்பதைப் போல. எல்லாரும் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் மகுடேஸ்வரி, பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்.

“குப்பண்ணன்ங்கறது யாருங்க?”

“நாந்தானுங் அம்மிணி,” என்று குப்பண்ணன் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். “வேர்த்து ஒழுகுதே. சித்தெ தண்ணி குடிக்கறீங்களா?”

“தண்ணி வேண்டாமுங்க!” என்று சென்னியப்பன் குறுக்கே பாய்ந்தார்.

முந்தாநாள் நடந்த சமாச்சாரம்தான். வியாபாரிகள் சங்கத் தலைவர் பொன்னுரங்கம் தன் சொந்த அரவை மில்லில், மஞ்சள்தூள் தொட்டிக்குள் கழுத்துவரை புதைந்து, மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள், முகம் பார்க்கவில்லை என்று தும்மலுக்கிடையே வாக்குமூலம் கொடுத்தார். கொலை முயற்சி வழக்கு. இன்று காலை பதினோரு மணிக்குக் குற்றவாளி குப்பண்ணன் என்று துரை அறிவித்துவிட்டது.

துரை என்பது ஆளில்லை, இயந்திரம். மாநிலம் பூராவும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒரு பெட்டி. அரசாங்கம் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். இருந்த இடத்தைவிட்டு அசையாமல் எல்லாரையும் வேலை வாங்குவதால் போலீஸ்காரர்கள் துரை என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. போன ஆயுத பூஜைக்குத் தடவிய சந்தனம் இன்னும் அதன் நெற்றியில் காய்ந்துகிடந்தது. மேலே சுவரில் ஓர் எண் பலகை. அதில் 0.3 என்று மின்னிக்கொண்டிருந்தது.

“எறும்பு வரிசையில போனாக்கூட ஒதுங்கி நிக்கற மனுசனுங்க இவரு!” என்று, மற்ற இருவரோடு பின்னாலேயே நிலையத்துக்கு வந்த சென்னியப்பன் இன்ஸ்பெக்டரின் மேசையைத் தட்டினார்.

“அதனாலதாங்க புடிச்சிருக்குது,” என்றார் மகுடேஸ்வரி. சண்டை போட்டு ஓய்ந்துபோன குரல். “துரையைப் பழக்க முதல்ல கோர்ட்டுத் தீர்ப்பையெல்லாம் குடுத்தாங்க. இருபது வருசத் தீர்ப்பு. படிச்சு முடிச்சுட்டு, ‘இந்த மாநிலத்தில் யாரும் எந்தக் குற்றமும் செய்யவில்லை’ன்னு அறிக்கை குடுத்துருச்சு. எல்லாமே விடுதலை ஆன கேசுங்க. இன்னும் நாற்பதாயிரம் மணி நேரம் பாடம் சேத்துங்கன்னு மேலிடத்துல சொன்னாங்க. ஒப்பந்தக்காரரு கையில கெடைச்சதை அள்ளிக் கொட்டிட்டாரு.”

“என்னத்தை?”

“டிவி தொடருங்க. எட்டு மொழியில.”

“எடை காட்ட மூட்டையில மண்ணைக் கலந்த மாதிரி,” என்றார் ராக்கியண்ணன்.

“மூட்டை பூரா மண்ணாப் போச்சுங்க. அது கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். எவன்மேல யாருக்குமே சந்தேகம் வரலையோ, அவன்தான் செஞ்சிருப்பான். அந்த நம்பரு சந்தேக அளவு. அஞ்சுக்குக் கீழ போனா ஆளைத் தூக்கச் சொல்லிரும்.”

“மேலிடத்துல யாரும் கேக்கலியா?”

“நூத்துக்குத் தொண்ணூத்திநாலு கேசுல ஆளே குத்தத்தை ஒத்துக்கறாங்க. அப்பறம் யாரு கேப்பா?”

“ஏன் ஒத்துக்கறாங்க?”

மகுடேஸ்வரி கம்பிக்குப் பின்னால் கை காட்டினார். அங்கே குப்பண்ணன் எழுத்தரிடம் பேனா கேட்டுக்கொண்டிருந்தார். “தலைவரை நான் மனசுக்குள்ள ரெண்டு தரம் திட்டியிருக்கறனுங்க. நெனைச்சா என்ன, தள்ளுனா என்ன. எங்க கையெழுத்துப் போடணும்?”

“பாத்தீங்களா?” என்றார் இன்ஸ்பெக்டர். “அஞ்சு மணிக்குக் கோர்ட்டுக்குப் போற வண்டி வரும். ஏறிட்டாருன்னா ஏழு வருசம். அதுக்குள்ள அவருக்கு ஆகாதவங்க யாராச்சும் வந்து அந்த நம்பரை அஞ்சுக்கு மேல ஏத்துனாத்தான் உண்டு.”

மணி மூன்றேகால்.

துரை வந்த இந்த மூன்று வருடத்தில் ஊர் எப்படி மாறியிருந்தது என்று சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார். கோவில் தர்மகர்த்தா கிருதா வளர்த்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வாரம் ஒருமுறை பேருந்து நிலையத்தில் நின்று நடத்துநரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வருகிறார். பெண் பார்க்கப் போனால், ‘பையனுக்குக் கொஞ்சமாச்சும் கெட்ட பேர் இருக்குதுங்களா?’ என்று கேட்கிறார்கள். ஊரே பிழைக்கத் தெரிந்துகொண்டது. தர்மகர்த்தாவின் இரண்டாவது கண்ணாடியை ராக்கியண்ணனே வாங்கிவந்து கொடுத்தும், “கண்ணு தெரியலீங்க, யார் மேலயாச்சும் இடிச்சுப்போடுவேன்” என்று திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் குப்பண்ணன்தான்.

சாட்சி சொல்ல முதலில் ராக்கியண்ணன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். “ஐயா துரைங்களே, குப்பண்ணன் மாதிரி ஒரு சொக்கத் தங்கம் கெடைக்காதுங்க…”

எண் 0.2 ஆயிற்று.

“யோவ், என்ன பண்றே?” என்று சென்னியப்பன் அலறினார். வியாபாரிப் பழக்கம். வெளியாள் வந்து நம் சரக்கை மதிப்புப் போட்டால் வாய் தானாகப் புகழ ஆரம்பித்துவிடும். ராக்கியண்ணன் நிறுத்த முயன்றும் முடியவில்லை. “இவரை நம்பிக் கண்ணை மூடிட்டு எதையும் குடுக்கலாமுங்க!” என்று முடித்து எழுந்தார். 0.1.

“விக்கறவனாட்டம் பேசாதீங்க, வாங்கறவனாட்டம் பேசுங்க!” என்று ரஹ்மத்தக்கா அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். வாங்குகிறவரின் முகம் அவருக்கு வந்துவிட்டது. உதடு கோணிற்று, ஒரு புருவம் மேலே ஏறிற்று. “குப்பண்ணனா? அந்த ஆளுக்குக் கோபிச்செட்டிபாளையத்துல இன்னொரு குடும்பம் இருக்குது. கள்ளச்சாராயம் காச்சுறாரு. போன வருசம் ஒரு யானையைத் திருடுனாரு.”

பெட்டிக்குள்ளிருந்து செய்தி வாசிப்பவரைப் போல ஒரு குரல் வந்தது. “மூன்றும் பொய். உங்கள் குரலில் பாசம் இருக்கிறது. ஒருவருக்காக இத்தனை பேர் பொய் சொல்கிறார்கள் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக நடித்திருக்க வேண்டும்!” 0.05.

“யானை எதுக்குக்கா?” என்றார் ராக்கியண்ணன்.

“வாய்க்கு வந்திருச்சு.”

“உண்மையான குறையை மட்டும்தாங்க அது எடுத்துக்கும்,” என்றார் மகுடேஸ்வரி மெதுவாக. “மனசுல நெசமாவே இருக்கற வருத்தம். குரல்லயே கண்டுபிடிச்சிரும்.”

மூன்று பேரும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து குப்பண்ணனிடம் குறை தேடினார்கள். சரக்கில் குறை கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்தவர்களுக்கு அரை மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. ராக்கியண்ணன் போய், “குறட்டை விடுவாருங்க” என்று சொல்லி 0.4 வாங்கிவந்தார். மறுபடி போய், “என்கூட டீக்கடைக்கு வந்தா அவரேதான் காசு குடுப்பாரு, எனக்கு அசிங்கமா இருக்குதுங்க” என்று சொன்னார். அதற்கு ஒரு புள்ளி ஏறிற்று. அவருக்கே ஆச்சரியம்.

ரஹ்மத்தக்கா திடீரென்று எழுந்தார். நேராகப் போய் உட்கார்ந்தார். இம்முறை உதட்டைக் கோணவில்லை.

“ஆறு வருசத்துக்கு முன்னால ‘பதினோராம் சாட்சி’ன்னு ஒரு தொடர். நான் இருநூத்திப் பதினெட்டு வாரம் பார்த்தேன். மகன் கல்யாணத்தன்னிக்குக்கூட மண்டபத்துல போனை மடியில வெச்சுப் பார்த்தேன். கடைசி வாரத்துக்கு மொத நாளு, இந்த மனுசன் வந்து, ‘பாவமுங்கக்கா, அந்த ஜட்ஜேதான் கொன்னிருக்கறாரு, அவரு சம்சாரம் இனி என்ன பண்ணும்’னு என்கிட்ட அழுதாரு. போன்ல யாரோ முன்னாடியே அனுப்புனதைப் பார்த்துட்டாராம்.” பெட்டியை விட்டுவிட்டுக் கம்பிப் பக்கம் திரும்பினார். “நான் பரவாயில்லைன்னு சொன்னேன். அல்லா மேல சத்தியமா இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பரவாயில்லைன்னு ஆகல.”

எண் தாவியது. 4.2.

“நாற்பதாயிரம் மணி நேரத்திலும் இவ்வளவு கொடிய குற்றத்தை நான் கண்டதில்லை,” என்றது துரை.

கம்பிக்குள்ளிருந்து, “தப்புதாங்கக்கா, மன்னிச்சுக்குங்க” என்று குரல் வந்தது. 4.1.

“வாயை மூடுங்க!” என்று மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

மணி நாலேமுக்கால். இன்னும் ஒரு புள்ளி வேண்டும். ராக்கியண்ணனும் ரஹ்மத்தக்காவும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் நகத்துக்குள் இருந்த மஞ்சளை நோண்டிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, உங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?” என்றார் ராக்கியண்ணன்.

இருந்தது. பதினோரு வருடமாக இருந்தது. தினமும் இரண்டு மணிக்கு அதை மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டு அதன் மேலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தொடர் பார்த்திருக்கிறார். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். குப்பண்ணன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

“எம் பொண்ணு ரூபிணிக்குக் காங்கேயத்துல மாப்பிள்ளை அமைஞ்சுது. நல்ல எடம். நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. அவங்க ஆளுங்க எங்களைப் பத்தி விசாரிக்க ஊருக்குள்ள வந்தப்ப, இவருகிட்டப் போயிருக்காங்க. எல்லாரும் இவருகிட்டத்தான் போவாங்க, பொய் சொல்லமாட்டாருன்னு. இவரு, ‘பாப்பாவுக்கு எட்டு வயசு வரைக்கும் வலிப்பு வந்துட்டிருந்துதுங்க’ன்னு சொல்லிட்டாரு.” மூச்சு வாங்கினார். “எட்டு வயசோட நின்னுபோன வியாதி. சொல்லணும்னு என்ன தலையெழுத்து? அடுத்த நாளே அவங்க வேண்டாம்னுட்டாங்க. அப்பறம் வந்தவங்க எல்லாரும் அதையே கேட்டாங்க. எம் பொண்ணு இன்னிக்கும் தனியா ஓசூர்ல கெடக்கறா. இவரு உண்மை பேசி நல்ல பேரு வாங்கிட்டாரு. அதுக்கு உண்டான வெலையை எம் பொண்ணு தலையில கட்டிட்டாரு. இவரு மூஞ்சியைப் பாக்கறப்பெல்லாம்… ஒவ்வொரு நாளும்…”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை.

“குப்பண்ணன், இது உண்மையா?” என்றது துரை.

குப்பண்ணன் கம்பிக்கு அருகே வந்து சென்னியப்பனின் முதுகைப் பார்த்தார். பிறகு, “நெசந்தானுங்க. நாந்தான் சொன்னேன்.”

எண் 31-இல் போய் நின்றது.

“இவரைப் பார்த்தால் மிகவும் சந்தேகமாக இருக்கிறது,” என்றது துரை. “எனவே நிரபராதி.”

அடுத்த அரை நிமிடத்தில் அது வேறு ஆளையும் கண்டுபிடித்தது. இந்த வழக்கில் யாருமே சந்தேகப்படாத ஒருவர் மிச்சம் இருந்தார், பாதிக்கப்பட்ட தலைவர் பொன்னுரங்கம். தன்னைத்தானே கொல்ல முயன்றதாக மருத்துவமனைக் கட்டிலில் வைத்தே அவரைக் கைது செய்தார்கள். பயத்தில் தலைவர் உளறிவிட்டார். தூளில் சாயம் கலக்க ஆளில்லாத நேரத்தில் தானே தொட்டிமேல் ஏறியதும், கால் வழுக்கியதும் வெளியே வந்தது. துரையின் வெற்றி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆனது. “இதைவிட மட்டமான கடைசி வாரத்தை நான் எந்தத் தொடர்லயும் பார்த்ததில்ல,” என்றார் ரஹ்மத்தக்கா.

நிலைய வாசலில் மகுடேஸ்வரி சென்னியப்பனைத் தனியே கூப்பிட்டார்.

“ஒரு விசயமுங்க. விட்ட ஆளை மாசா மாசம் துரை கூப்புட்டு விசாரிக்கும். ‘மண்டிக்காரர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாரா? சமாதானமா ஏதாவது சொன்னாரா? யாரிடமாவது சொல்லி அனுப்பினாரா?’ன்னு கேக்கும். அவரு பொய் சொல்லமாட்டாரு. ஆமான்னு ஒரு வார்த்தை வந்தா நம்பரு கீழ விழுந்திரும். அடுத்து எந்தக் கேசு துப்பில்லாம நிக்குதோ, அது அவரு தலையில. சந்தைக்குள்ளயும் கம்பத்துக்குக் கம்பம் துரைக்குக் காது வெச்சிருக்கறாங்க. உங்க பகையைக் கைவிட்டுராதீங்க.”

“விடறதுக்கில்லீங்க,” என்றார் சென்னியப்பன். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

குப்பண்ணன் யாரையும் பார்க்காமல் டவுன் பஸ் ஏறிப் போனார். மறுநாள் இரண்டு மணிக்கு மாடியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். கொலை விழுந்தபோது, கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. கம்பவுண்டர்தான் கொலைகாரன் என்று தெரிந்த அன்றைக்குச் சென்னியப்பன் வெற்றிச் சிரிப்புச் சிரிக்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து ரூபிணி பேசினாள். முப்பத்தாறு வயது. ஒரு வண்டித் தொழிற்சாலையில் நூறு பேரை மேய்க்கிறவள்.

“ஏம்ப்பா, ஸ்டேசன்ல குப்பண்ண மாமாவைப் பத்திப் பேசுனீங்களாமே. அம்மா சொன்னாங்க.”

“அதுக்கென்ன இப்போ?”

“மாமா ஒண்ணுமே சொல்லலையா?”

“ஆமான்னு ஒத்துக்கிட்டாரு. வேற என்ன சொல்றதுக்கு இருக்குது?”

அந்தப் பக்கம் ரூபிணி எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. “அப்பா, நாந்தான் மாமாகிட்டப் போனேன். எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம், மேல படிக்கணும், அப்பாகிட்டச் சொன்னா அடிச்சே போடுவாருன்னு அழுதேன். பொய் சொல்லமாட்டேன் சாமின்னாரு. பொய் வேண்டாம் மாமா, கேட்டா அந்த வலிப்பை மட்டும் மறைக்காம சொல்லுங்கன்னு கெஞ்சினேன். நான் கேட்டதை அப்பாவுக்குச் சொல்லக்கூடாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினேன்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நான் இங்க தனியா ஒண்ணும் கெடக்கலைப்பா. நல்லா இருக்கேன்.”

சென்னியப்பன் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடம். தன் வீட்டுக்குள்ளேயே, தனக்குக் காப்பி கலந்து கொடுத்த கை. கால் மணி நேரத்தில் ஆளைச் சொல்கிறவருக்கு ஒருநாளும் அந்தப் பக்கம் மூக்குப் போகவில்லை.

எழுந்து செருப்பைப் போட்டார். குப்பண்ணன் வீடு நாலு தெருத் தள்ளித்தான். தன் வீட்டு வாசலைத் தாண்டுமுன் நின்றார். போய் என்ன சொல்வது? சொன்னால் அந்த மனிதர் துரையிடம் சொன்னார் என்பார். எழுதிக் கொடுத்தால் எழுதிக் கொடுத்தார் என்பார். ரஹ்மத்தக்காவை அனுப்பினால் அனுப்பினார் என்பார். பொய் தெரியாத ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது அவரை வண்டியில் ஏற்றுவதாகும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

புதன்கிழமை ஏலத்துக்குக் குப்பண்ணன் ஒரே ஒரு மூட்டையோடு வந்திருந்தார். ஒற்றை மூட்டை ஏலத்தில் ஏறாது. அதைக் கைப்பேரத்தில்தான் விற்பார்கள். மாட்டுச் சந்தையிலிருந்து வந்த வழக்கம் அது. விற்பவர் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வது. பிடித்த விரல் எத்தனையோ அதுதான் விலை, பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. மேலே வாய் என்ன வேண்டுமானாலும் பேசும்.

சென்னியப்பன் நேராக அவர் முன்னால் போய் நின்றார். சுற்றி நின்றவர்கள் தங்கள் பேரத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். தலைக்கு மேலே கம்பத்தில் துரையின் காது சிவப்பாக மின்னியது.

“குடும்பத்தைக் கெடுத்த ஆளுகிட்டச் சரக்கு வாங்கணும்னு எனக்குத் தலையெழுத்து!” என்று கத்திக்கொண்டே தோள் துண்டை உதறிக் குப்பண்ணன் கைமேல் போட்டார். “மஞ்சளா இது? மண்ணு!”

துண்டுக்கு அடியில் குப்பண்ணனின் கை சில்லென்று இருந்தது. சென்னியப்பன் அதன் ஐந்து விரல்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். அந்த விலைக்கு ஈரோட்டில் மஞ்சள் விற்றதே கிடையாது. என்ன சொன்னார் என்று துரை கேட்டால், விலை சொன்னார் என்பதும் உண்மைதான்.

குப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார். ‘வெலை எச்சாப் போச்சு, இவ்வளவு வேண்டாம்’ என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினார். பிறகு துண்டுக்குள், தன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டார். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், கட்டைவிரல். ஆள்காட்டி விரலை மட்டும் சென்னியப்பன் கைக்குள்ளேயே விட்டுவைத்தார். இது போதும்.

துரை பார்த்திருந்த நாற்பதாயிரம் மணி நேரத்தில், துண்டுக்கு அடியில் என்ன நடக்கும் என்று எந்தத் தொடரும் காட்டியதில்லை.

“கட்டாது! போய்யா!” என்று சென்னியப்பன் தொண்டை கிழியக் கத்தினார். கண்ணில் நீர் வந்தது. கோபம் என்று நினைத்துக் கூட்டம் விலகி நின்றது. “இந்த ரெண்டு பேரும் இந்த ஜென்மத்துல சேரமாட்டாங்க,” என்றார் பக்கத்து மண்டிக்காரர்.

ஒரு மூட்டை மஞ்சளுக்கு அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேரம் நடந்தது.